ஆஸ்பத்திரிக்குப் போன சீர்வரிசை

பழனியம்மாளுக்கு மாரில் கட்டி. கையில் தட்டுப்பட்டு மாசக்கணக்காச்சு, மூச்சு விடவில்லை. எப்படி விடுவாள்? மகள் சத்யபிரியாவை இப்பத்தான் சித்தையன்கோட்டை மாயம்மாள் மகனுக்குப் பேசி முடித்திருக்கிறது. 'ஆத்தாளுக்கு வந்தது மகளுக்கும் வரும்' என்று எவளாவது ஓதிவிட்டால் போதும், சம்பந்தம் புட்டுக்கும். அம்புட்டுப் பயம் அவளுக்கு.

பக்கத்து வீட்டு நஜ்முன்னிசா, பிரியாணிக் கடைக்காரி. அவளிடம்தான் ஒருநாள் தாங்கமாட்டாமல் சொல்லிவிட்டாள். சொன்னதுதான் தாமதம், அந்தம்மா பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள்.

"அடி கூறுகெட்டவளே! நம்ம தெரு வீரன் பொண்டாட்டியும் இப்படித்தான மறைச்சா? முத்திப்போன பெறகு அவன் காட்டை வித்தான், மகன் படிப்பை நிறுத்துனான். ஆளாவது மிஞ்சுனாளா? பெரியாஸ்பத்திரியில சும்மாவே பாக்குறாக. கெளம்பு!"

"நான் மட்டும் போய் நின்னா தெருவே கண்டுபிடிச்சிரும்க்கா."

நஜ்முன்னிசா முந்தானையை இடுப்பில் செருகினாள். "அப்பத் தெருவே வரட்டும்."

சொன்னவள் சும்மா இருப்பாளா? மேளத்துக்கு ஆள் பேசிவிட்டாள். விசேஷ வீட்டுக்குச் சீர் கொண்டுபோவது மாதிரி ஆளுக்கொரு தாம்பாளம். வாழைப்பழம், பூ, டாக்டரம்மாவுக்கும் நர்சுகளுக்கும் இனிப்பு. மேளச்சத்தம் கேட்டபிறகு வீட்டுக்குள் உட்காருகிற பொம்பளை திண்டுக்கல்லில் உண்டா? தெருவே திரண்டது. எல்லாருக்கும் பரிசோதனை என்றால், யாருக்காகப் போகிறார்கள் என்று எவள் கண்டாள்! பழனியம்மாளுக்கு அப்பாடா என்றிருந்தது. ஆனால் முன்னால் தாம்பாளத்தோடு நிற்பது யாரென்று பார்த்ததும் நஜ்முன்னிசாவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினாள். மாயம்மாள்!

"சம்பந்தியை விட்டுட்டுச் சீரு உண்டாடி?" என்றாள் நஜ்முன்னிசா, கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல்.

டாக்டரம்மா எல்லாரையும் பார்த்தார். பழனியம்மாளுக்கு மட்டும் ஊசி வைத்துச் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்.

முடிவு சொல்லி நர்சம்மா போன் பண்ணிய அன்றைக்குப் பார்த்து, மாயம்மாள் கல்யாணத் தேதி குறிக்க வந்து உட்கார்ந்திருந்தாள். புற்றுநோய்தானாம். ஆனால் ஆரம்பமாம். ஆபரேஷன் பண்ணினால் குணமாகிவிடுமாம், செலவும் காப்பீட்டிலேயே ஆகிவிடுமாம்.

போனை வைத்த பழனியம்மாள் ஒரு பொய்யைச் சொல்லிச் சமாளித்திருக்கலாம். சத்தியமாக அதற்குத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் உள்ளே பொங்கிய சந்தோஷம் அதற்கு இடம் கொடுத்தால்தானே!

"சம்பந்தி, எனக்குப் புத்துநோயி. ஆரம்பத்துலயே கண்டுபிடிச்சுட்டாக. பொழச்சுக்குவேன்! கேட்டுக்கிருங்க, நான் பொழச்சுக்குவேன்!"

மாயம்மாள் விரித்து வைத்திருந்த பஞ்சாங்கத்தை மூடினாள்.

"அப்பக் கல்யாணத்தைத் தள்ளித்தான் வைக்கணும்" என்றாள்.

சம்பந்தம் புட்டுக்கிட்டது என்றே நினைத்தாள் பழனியம்மாள்.

"பின்னே? பொண்ணோட ஆத்தா ஆஸ்பத்திரியில கெடக்க, நாங்க இங்க மேளம் கொட்டவா? மொதல்ல ஆபரேஷனை முடிங்க. தெம்பா எந்திரிச்சு வந்து மணமேடையில நில்லுங்க. அதுவரைக்கும் எம் மகன் காத்திருப்பான். மாட்டேன்னு சொல்லட்டும், காலை ஒடிச்சுப்புடுறேன்!"