நிலையைச் சுற்றி அரை அங்குலம்

மாரண்டஹள்ளிப் பக்கம் சென்னப்பன் மேஸ்திரி கட்டிய வீடுகள் நூறைத் தாண்டும். அப்பேர்ப்பட்டவருக்கு வாய்த்த மருமகன் இளம்பரிதியோ செங்கல்லே இல்லாமல் வீடு கட்டினான். மரச் சட்டங்களை நிறுத்தி இருபுறமும் பலகை அடித்தால் அது சுவராம். "கோழிக்கூண்டுக்கா எம் பொண்ணக் குடுத்தேன்?" என்று டீக்கடை டீக்கடையாகக் கேட்டுக்கொண்டு திரிந்தார் மேஸ்திரி.

வாசலுக்கு இரண்டு பக்கமும் இரட்டைக் கால், தலைக்கு மேல் பாரம் தாங்க இரட்டைச் சட்டம் என்று மருமகன் பொறுமையாகக் காட்டியது எதுவும் அவர் காதில் ஏறவில்லை. கண்ணில் பட்டது ஒன்றுதான். கதவு நிலைக்கும் அந்தக் கால்களுக்கும் நடுவே, சுற்றிலும் அரை அங்குலம் சந்து.

"அளக்கத் தெரியாதவன் டேப்ப எதுக்குப் புடிக்கணும்?"

"தெரிஞ்சுதான் வுட்டிருக்கேங்க மாமா. மழைக்கு மரம் ஊதும், அதுக்கு எடம் வேணுங்க. மேல பலகைப் பட்டை அடிச்சா சந்து தெரியாது."

சமாளிப்பைப் பார் என்று நினைத்துக்கொண்டார்.

குடிபுகும் நாளுக்கு முந்தின சாயங்காலம் எல்லோரும் சாமான் வாங்கப் பாலக்கோடு போனார்கள். மேஸ்திரி கரணையை எடுத்தார். சிமெண்டைக் குழைத்து, ஓட்டுச் சில்லுகளைச் சுத்தியலால் தட்டித் தட்டி, நிலைச் சந்தில் இறுக்கி அடைத்தார். பட்டையையும் அவரே அடித்து மூடினார். பட்டை அடித்ததற்கு அந்த அப்பாவி நன்றி வேறு சொன்னான். ராத்திரி நல்ல மழை.

காலை ஒன்பதுக்குள் பால் காய்ச்ச வேண்டும். எட்டரைக்கு மேஸ்திரி உள்ளே போய், சொந்தக்காரர்கள் பார்க்கக் கதவை ஓங்கிச் சாத்தினார். "இப்பத்தான்யா இது கதவு!"

அந்தக் கதவு மறுபடி திறக்கவில்லை. உள்ளேயிருந்து இழுத்தார், வெளியேயிருந்து நாலு பேர் தள்ளினார்கள். வாசலில் பால்குடத்தோடு மகள் எழிலரசி நின்றாள்.

இளம்பரிதி ஜன்னலை விரலால் தள்ளித் திறந்தான். "மாமா, சந்துல எதாச்சும் வெச்சீங்களா?"

"நான் எதையும் தொடல. உன் வேலை லட்சணம் அது!"

"மணி எட்டு அம்பதுப்பா," என்றாள் எழிலரசி.

மேஸ்திரி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். வெளியே அத்தனை சனம். "சிமெண்டு அடிச்சிட்டேன்," என்றார், யாருக்கும் கேட்காதபடி. எல்லோருக்கும் கேட்டது.

இளம்பரிதி கருவிப் பெட்டியைத் திறந்தான். ஜன்னல் வழியே உளியையும் சுத்தியலையும் நீட்டினான். நூறு வீடு கட்டிய மனுஷன் பட்டையைப் பெயர்த்து, தன் சிமெண்டைத் தானே கொத்தி, சில்லு சில்லாக உதிர்த்தார். ஜன்னலில் அடுக்கடுக்காய்த் தலைகள். "இன்னும் கொஞ்சம் மேலங்க மாமா," என்று மருமகன் சொல்லச் சொல்லக் கொத்தினார்.

ஒன்பதுக்கு மூன்று நிமிடம் இருக்கையில் கதவு திறந்தது. எழிலரசி வலது காலை எடுத்து வைத்து வந்தாள். அடுப்பைக் காட்ட ஆசையாய் முன்னால் நடந்த அப்பாவை அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை.

"நீங்க எதையும் தொடாதீங்கப்பா," என்றாள்.