இன்று வகுப்பு இல்லை

அப்பாவைக் குளிப்பாட்டுவதற்காக நாற்காலிகளை நகர்த்திக்கொண்டிருந்தபோது, லோகன் அவருடைய கைத்தொலைபேசியை மாதவியின் கையில் திணித்தான்.

“கிளாஸ் குரூப்ல போட்டுடு. நாலு மணிக்கு எடுத்துடுவோம்.”

“நான் என்னண்ணே எழுதுறது?”

“டிகிரி வாங்கியிருக்கல்ல. எழுதுலா.”

அவள் சமையலறைக்குப் போய்க் குளிர்பதனப் பெட்டியை ஒட்டி நின்றுகொண்டாள். ‘சனிக்கிழமை பாட்டு’ என்ற குழு மேலேயே இருந்தது. நேற்று மாலை அப்பா எழுதியிருந்தார்: ‘எல்லாரும் தண்ணி போத்தல் கொண்டு வரவும். ஐஸ் கூடாது.’

அதற்குக் கீழே அவள் எழுதத் தொடங்கினாள். ஆய்வகத்தில் முடிவுகளை எழுதிப் பழகிய கை. உறுதியாகத் தெரிந்ததை முதலில் எழுதும். ‘இன்று வகுப்பு இல்லை’ என்று எழுதினாள். அடுத்த வரியை யோசித்தாள். முன்கூடத்தில் முதல் குடம் தண்ணீர் கவிழும் சத்தம் கேட்டது. விரல் அனுப்பிவிட்டது.

உடனே பதில்கள் வந்தன. ‘ஓகே மாஸ்டர்.’ ‘நோட்டட்.’ வரிசையாகக் கட்டை விரல்கள். டெங்கிலிலிருந்து பிள்ளையைக் கூட்டிவரும் ஓர் அம்மா, ‘ரிப்ளேஸ்மென்ட் எப்போ மாஸ்டர்?’ என்று கேட்டிருந்தார்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. செய்தி அப்பாவின் பெயரில் போயிருக்கிறது. அப்பாவே சொன்னதாக எல்லோரும் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். ஜிப்பா போட்டுச் சிரிக்கும் அவர் படத்துக்குப் பக்கத்தில், அவர் இறந்துவிட்டார் என்று எப்படி எழுதுவது? ‘நான் மாதவி’ என்று எழுதினாள். அழித்தாள். ‘அப்பா’ என்று எழுதினாள். அதையும் அழித்தாள்.

விடிகாலையில் சுருதிப்பெட்டி மட்டும் ஒலித்துக்கொண்டிருந்திருக்கிறது. வழக்கமாக அதன் மேல் ஏறும் குரல் வரவில்லை என்றுதான் அம்மா எழுந்துபோய்ப் பார்த்தாள். அப்பா நாற்காலியில் சாய்ந்திருந்தார். அம்மா முதலில் பெட்டியை அணைத்தாள். பிறகுதான் மாதவியைக் கூப்பிட்டாள்.

மதியத்துக்குள் வாசலில் கூடாரம் எழுந்தது. கிள்ளானின் வெயில் அதன் நீலத் துணி வழியே இறங்கி எல்லோர் முகத்தையும் வெளிறச் செய்தது. துறைமுகக் கிடங்கில் அப்பாவோடு கணக்கராக இருந்தவர்கள் வந்தார்கள். கோயில் கமிட்டி மாலை கொண்டுவந்தது. இறுதிச் சடங்குக்காரர்கள் ஒலிபெருக்கியை வைத்து, பதிவு செய்த பக்திப் பாடல்களை ஓட விட்டார்கள்.

“சத்தம் பத்தலடா லோகா,” என்றாள் மாரியாயி அத்தை. அப்பாவின் அக்கா. “சாவு வீடுன்னு ரோட்டுக்குத் தெரிய வேணாமா?”

லோகன் கூட்டி வைத்தான்.

அம்மா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அவள் சவப்பெட்டியைப் பார்த்ததைவிட வாசல் கேட்டைத்தான் அதிகம் பார்த்தாள். ஒவ்வொரு கார் நிற்கும்போதும் கழுத்து நீண்டது. இறங்குபவர்கள் உறவினராக இருந்தால் மறுபடி சுருங்கியது.

“பாட்டுப் புள்ளைங்க யாரும் வரலையா?” என்று கேட்டாள்.

“வேலை இருக்கும்லா,” என்றான் லோகன்.

“என்ன வேலை?” என்றாள் அத்தை. “எந்தம்பி தொண்டை வத்தக் கத்திக் குடுத்தான். கத்துக்கிட்டாங்க, முடிஞ்சிச்சு. இனிமே எவன் வருவான்?”

அம்மா அப்பாவின் நெற்றியில் சரிந்த விபூதியை விரலால் நேராக்கினாள். பிறகு மாதவியிடம் மட்டும் கேட்கும்படி சொன்னாள். “போன மாசம் சிவநேசன் சாவுக்குப் போயிட்டு வர்றப்ப சொன்னாரு. எனக்கு இந்த ரெக்கார்டெல்லாம் போட்டுடாதீங்க. எம் புள்ளைங்க பாடுவாங்கன்னாரு.”

“அம்மா.”

“என்ன?”

தொலைபேசி மாதவியின் பாவாடைப் பையில் கனத்தது.

“காப்பி குடிச்சியா?” என்று அம்மாவே கேட்டாள்.

“குடிச்சிட்டேன்.”

அவள் குடித்திருக்கவில்லை.

அவள் எழுந்து பின்னறைக்குப் போனாள். பள்ளிக்கூடக் காலம் முழுக்க இந்த அறையில் உட்கார்ந்துதான் வேதியியல் படித்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் வகுப்பு நடக்கும். யாராவது தவறினால் அப்பா பென்சிலால் மேசையில் இரண்டு தட்டு தட்டுவார். எல்லோரும் நிறுத்திவிட்டு முதலிலிருந்து தொடங்குவார்கள். தவறியது யார் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. “அவங்களுக்கே தெரியும்” என்பார். மாதவிக்குப் பாட வராது. ஆனால் தட்டு எந்த இடத்தில் விழும் என்று அவளுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும்.

தொலைபேசியை எடுத்தாள். எழுத முடியாவிட்டால் என்ன, ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொல்லலாம். அந்நியக் குரல்களோடு பேசி அவளுக்குப் பழக்கமில்லை. இருந்தாலும் வீட்டுச் சத்தத்துக்கு வெளியே போய்ப் பேசலாம் என்று வாசல் கேட்டுக்கு வந்தாள்.

அங்கே புஷ்பவல்லி நின்றுகொண்டிருந்தார். செலாயாங் பாசாரில் காய்கறி விற்பவர். அப்பாவின் மாணவர்களிலேயே வயதில் மூத்தவர். கையில் தண்ணீர் போத்தல். கூடாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆன்டி, மெசேஜ்...” என்று தொடங்கினாள் மாதவி. “நான்தான்...”

“பார்த்தேம்மா. கிளாஸ் இல்லன்னு போட்டிருந்துச்சு.” புஷ்பவல்லியின் உதடு கோணியது. “மாஸ்டர் எப்பம்மா கிளாஸ் இல்லன்னு சொல்லியிருக்காரு? கால் முறிஞ்சப்ப படுத்துக்கிட்டே சொல்லிக் குடுத்தாரு. வீட்டுக்குள்ள தண்ணி ஏறின வருஷம் கோயில் மண்டபத்துல வெச்சாரு. பார்த்ததுமே எனக்குக் கையெல்லாம் ஜில்லுன்னு ஆயிடுச்சு. கடையத் தங்கச்சிகிட்ட விட்டுட்டு கொமுட்டர் ரயில் ஏறிட்டேன். உடம்புக்கு முடியலையோன்னுதான் நெனச்சேன். இப்படின்னு...”

மாதவி தலையை மட்டும் ஆட்டினாள்.

“நம்ம கிளாஸ் யுகேந்திரனுக்குப் போன் அடிச்சேன். அவனும் அதேதான் சொன்னான். பிரிக்பீல்ட்ஸ்ல இருக்கறவங்கள கார்ல ஏத்திக்கிட்டு வர்றான்.”

எல்லோரும் வரவில்லை. கட்டை விரல் காட்டியவர்களில் பலர் கடைசிவரை வரவில்லை. டெங்கிலின் அம்மா மறுபடி ஒரு கேள்விக்குறி அனுப்பியிருந்தார். யுகேந்திரனின் காரிலிருந்து நாலைந்து பேர் இறங்கினார்கள். ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து இரண்டு சிறுமிகள் தங்கள் அப்பாவோடு வந்தார்கள். எல்லோர் கையிலும் தண்ணீர் போத்தல் இருந்தது. அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டே சவப்பெட்டியைச் சுற்றி நின்றார்கள்.

அம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

மாதவி போய் ஒலிபெருக்கியின் மின்கம்பியைப் பிடுங்கினாள்.

“ஏய், என்னடி பண்ற?” என்றாள் அத்தை.

“விடுங்க அண்ணி,” என்றாள் அம்மா.

திடீர் அமைதியில் மின்விசிறியின் கறகறப்பு கேட்டது. மாதவி அப்பாவின் அறையிலிருந்து சுருதிப்பெட்டியைத் தூக்கிவந்து அவர் காலடியில் வைத்து முடுக்கினாள். காலையில் அம்மா அணைத்த இடத்திலிருந்தே அது தொடர்ந்தது. அப்பாவின் சுருதி. பெண்களுக்குத் தாழ்வு. யாரும் அதை மாற்றவில்லை.

“என்ன பாடுறது?” என்று யுகேந்திரன் கிசுகிசுத்தான். “தங்கச்சிங்களுக்கு முதல் பாடம்தான் தெரியும்.”

“எனக்கும் அதுதாம்பா ஒழுங்கா வரும்,” என்றார் புஷ்பவல்லி.

முதல் பாடத்தையே பாடினார்கள். ச ரி க ம. முதல் காலம் மெதுவாகப் போனது. சிறுமிகள் தொடையில் தாளம் போட்டார்கள். வேகம் இரட்டித்த இரண்டாம் காலத்தில் குரல்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. வெளியே சவ ஊர்தியின் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது. மூன்றாம் காலத்துக்கு ஏறினார்கள். சுரம் இறங்கும்போது புஷ்பவல்லியின் குரல் எங்கோ தடுக்கியது. எப்போதும் தடுக்கும் இடம்தான்.

எல்லோரும் நிறுத்தினார்கள்.

ஒருவரும் யாரையும் பார்க்கவில்லை. தலை குனிந்து காத்திருந்தார்கள். சுருதிப்பெட்டி மட்டும் ஒலித்துக்கொண்டிருந்தது.

லோகன் வாசலிலிருந்து கையசைத்தான். நேரமாகிவிட்டது.

மாதவி குனிந்து, சவப்பெட்டியின் மர விளிம்பில் விரல் கணுவால் இரண்டு முறை தட்டினாள்.

முதலிலிருந்து தொடங்கினார்கள்.