குழாய்க்கு அருகே இருபது பேர்

1

இந்தக் கதை ஓர் அடைப்புக்குறிக்குள்ளிருந்து வந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

எரிவாயுக் குழாய்களுக்காக அமெரிக்க மத்திய அரசு எழுதி வைத்திருக்கும் பாதுகாப்பு விதிகளில் ஓரிடம். குழாயிலிருந்து நூறு கெஜத்துக்குள் ஒரு கட்டடமோ திறந்தவெளியோ இருக்கிறது. அங்கே இருபது பேராவது, வாரத்துக்கு ஐந்து நாள், ஓராண்டில் பத்து வாரம் கூடுகிறார்கள் என்றால், அது மூன்றாம் வகுப்பு இடம். அதையடுத்து அடைப்புக்குறி: (நாட்களும் வாரங்களும் தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை.)

இதை எழுதியவர் நல்ல மனிதராகத்தான் இருக்க வேண்டும். மழை வரும், காய்ச்சல் வரும், மாடு கன்று போடும் என்று தெரிந்தவர். ஒரு வாரம் தொடர்கதை தவறினால் பத்திரிகையிலிருந்து என்னை வறுத்தெடுக்கிறார்கள். எனக்கு இப்படி ஓர் அடைப்புக்குறியை யாரும் போட்டுத் தந்ததில்லை.

முதல் வகுப்பு என்றால் ஆள் குறைவு. குழாயில் அழுத்தம் நிறைய வைக்கலாம். மூன்றாம் வகுப்பு என்றால் ஆள் நடமாட்டம் அதிகம். அழுத்தத்தைக் குறை, அல்லது தடித்த குழாய் போடு, அல்லது இருப்பதே தாங்கும் என்று சோதித்துக் காட்டு. ரயிலில் முதல் வகுப்புக்கு ஆசைப்பட்டுப் பழகிய நமக்கு இது தலைகீழாகத் தெரியும். போகப் போகச் சரியாகிவிடும்.

2

முதல் ஆரம்பம்: “பூமிக்கடியில் ஓர் அசுரன் சீறிக்கொண்டு…”

(அடித்துவிட்டேன். அது சீறுவதில்லை. சத்தமே போடாது என்பதுதான் பயம்.)

இரண்டாவது: “கிழக்கு டெக்சஸின் பைன் காடுகளுக்கு நடுவே, அந்த அழகிய சிற்றூரில்…”

(அழகெல்லாம் இல்லை. பதினெட்டு வருஷமாக அங்கே மருந்துக்கடை வைத்திருக்கிறேன், எனக்குத் தெரியாதா?)

மூன்றாவது: “வெர்லீனுக்குக் கோபம் வந்தது.”

இது இருக்கட்டும்.

வெர்லீன் ஹட்டோ பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். கணவர் ரேஃபோர்டுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து சக்கர நாற்காலிதான். வீட்டுக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு துணிக்கொடியும் ஒரு பெக்கான் கொட்டை மரமும் மட்டும். வெர்லீன் பிறப்பதற்கு முன்பே புதைத்த குழாய் அது. அதில் இனி அழுத்தத்தைக் கூட்டப் போகிறோம் என்று சொல்ல, கம்பெனியிலிருந்து வேட் பிக்கெட் என்பவர் வந்தார்.

“ஏதாவது ஆச்சுன்னா நாங்க என்ன பண்ணணும், தம்பி?” என்றார் வெர்லீன்.

“காத்து வர்ற பக்கமா ஓடணும்மா. போனைத் தொடக்கூடாது. வண்டியக் கிளப்பக்கூடாது.”

“இவரு?”

வேட் சக்கர நாற்காலியைப் பார்த்தார். “தள்ளிக்கிட்டு ஓடுங்க.”

“வாசல்ல நாலு படி இருக்கே. அதையும் சேத்துத் தள்ளவா?”

ரேஃபோர்ட் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “நீ ஓடு புள்ள. போறப்ப டிவிய மட்டும் அணைச்சிட்டுப் போ.”

“அதையும் தொடக்கூடாதுங்கய்யா. பொறி கிளம்பும்,” என்றார் வேட்.

“அப்ப அழுத்தத்தக் கூட்டாதீங்க!”

“இது முதல் வகுப்பும்மா. இந்த மைலுக்குள்ள ஏழே வீடு. விதி இடம் கொடுக்குது.”

“நாங்க இருக்கோமேய்யா?”

“பத்தலை,” என்றார் வேட்.

3

ரேஃபோர்டின் மாத்திரை வாங்க வந்த வெர்லீன் இதைச் சொல்லி என் கவுண்டரைத் தட்டினார். அன்று மாலை உட்கார்ந்து அந்த விதியைத் தேடிப் படித்தேன். மறுநாள் அடைப்புக்குறியோடு வாசித்துக் காட்டினேன்.

“இருபது பேரு என்ன பண்ணணுமாம்?”

“அது போடலைக்கா. இருந்தாப் போதும்.”

“சும்மா இருக்கறதுதானே? நம்ம ஊருக்கு வேற என்ன தெரியும்!”

இங்கே சும்மா இருப்பதற்கு ‘நாற்பத்திரண்டு’ என்று பெயர். டோமினோ வில்லைகளை வைத்து, ஜோடி ஜோடியாகச் சேர்ந்து நான்கு பேர் ஆடுவது. மூன்று பேரால் ஆட முடியாது. ஐந்து மேசைக்கு இருபது பேர். ரேஃபோர்டின் இடது கை வராது. ஆனாலும் அவரை யாரும் ஜெயித்து அதுவரை நான் பார்த்ததில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடையைப் பூட்டிவிட்டு நானும் ஒருவனாகப் போய் உட்கார்ந்தேன்.

முதல் மூன்று வாரம் சர்ச்சுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் கூடினோம். பக்கத்துப் பண்ணைக்காரர் டாயில்தான் இடம் பார்த்தது. மூன்றாம் வகுப்பாகப் போகிறோம், வந்து எண்ணுங்கள் என்று கம்பெனிக்கும் எழுதிப் போட்டோம். வேட் அளவுச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்தார். நூற்று நாற்பது கெஜம். மூன்று வாரமும் போயிற்று.

“குழாய்க்குப் பயந்து கொஞ்சம் தள்ளிப் பாத்தேன்யா,” என்றார் டாயில். “புத்தியுள்ளவன் அங்கதான உக்காருவான்?”

“புத்திக்கு விதியில இடம் இல்லைங்க.”

“நூறு கெஜத்துக்குள்ள உக்காந்தா?”

“எண்ணுவேன்.”

“வெடிச்சா?”

“அப்பவும் எண்ணுவாங்க,” என்றார் வெர்லீன். “மேசையத் தூக்குங்கடா.”

மேசைகள் வெர்லீனின் கொல்லைக்கு வந்தன, பெக்கான் மரத்தடிக்கு. வில்லையைத் தூக்கிப் போட்டால் குழாய் மேல் விழும்.*

(*வாசகர் கேட்கலாம்: ஆபத்திலிருந்து தப்பிக்க, இருபது பேரைக் கூட்டி ஆபத்தின் தலைமாட்டிலேயே உட்கார வைப்பதா? ஆமாம். இதை நான் கற்பனை செய்திருந்தால் ஆசிரியர் திருப்பி அனுப்பியிருப்பார்.)

4

இந்த இடத்தில் கதையில் ஒரு சிக்கல். வேட் வில்லனாக வரமாட்டேன் என்கிறார். ஒரு மீசை கொடுத்துப் பார்த்தேன். “கண்களில் ஒரு கொடூரம் மின்ன, வேட்…” என்று எழுதியும் பார்த்தேன். அந்த வாக்கியத்தில் அவர் வெர்லீன் சுட்ட பீச் பழப் பணியாரத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டிருந்தார். கொடூரம் எங்கே மின்னும்? தினமும் வருவார், எண்ணுவார், படம் எடுப்பார், போவார்.

பத்திரிகையிலிருந்து போன்.

“சார், ஏழு வாரமா டோமினோ ஆடறாங்க. குழாய் எப்ப வெடிக்கும்?”

“வெடிக்காம இருக்கத்தானே ஆடறாங்க.”

“அப்ப அந்த ரேஃபோர்டையாவது போட்டுடுங்க. வாசகிங்க அழுவாங்க.”

“அவரைப் போட்டா பத்தொன்பது ஆயிடும் சார்.”

“அப்ப இன்னொரு கேரக்டரை உள்ள விடுங்க.”

விட்டேன், தாளில். ஹூஸ்டனிலிருந்து ஓர் அத்தை மகன், நல்ல உயரம், கிதார் வேறு. அவன் நாற்காலியில் எடையே ஏறவில்லை. எழுத்தாளன் உட்கார வைக்கிற ஆளை வேட் எண்ண மாட்டார். விதியில் ‘ஆள்’ என்றுதான் போட்டிருக்கிறது.

5

பத்தாவது வாரத்தின் கடைசி நாள், வெள்ளிக்கிழமை. ஆட்டத்தில் ரேஃபோர்டின் கூட்டாளியான ஒப்பலுக்குக் கண் அறுவைசிகிச்சை, டைலர் நகரத்தில். திடீரென்று தேதி கொடுத்துவிட்டார்கள். பத்தொன்பது பேர்.

தொடர்ச்சி வேண்டாமே, இன்னொரு நாள் கூடலாமே என்பீர்கள். கூடலாம். ஆனால் திங்கட்கிழமை அழுத்தம் ஏறுகிறது. ஏற்றிவிட்டால் இறக்க வைப்பதற்கு வழக்கு, வக்கீல், வருஷக்கணக்கு. வேட் தன் எண்ணிக்கையை இந்த வெள்ளி மாலைக்குள் கொடுத்தாக வேண்டும். அடைப்புக்குறிக்காரரின் கருணை கம்பெனியின் நாட்காட்டிக்குத் தெரியாது.

நான்கு மேசைகளில் ஆட்டம் ஆரம்பித்துவிட்டது. ஐந்தாவதில் ரேஃபோர்ட், டாயில், நான். ரேஃபோர்டுக்கு எதிரே காலி நாற்காலி. வேட் எங்களை இரண்டு முறை எண்ணினார். மூன்றாவது முறையும் எண்ணினார். பாவம், கூடுகிறதா என்று பார்த்திருப்பார் போல.

வெர்லீன் தன் மேசையிலிருந்து எழுந்து வந்தார். கணவரின் நாற்காலிப் பிடியைப் பிடித்துக்கொண்டு அந்த நான்கு படிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பி,” என்றார் ரேஃபோர்ட். “எனக்குக் கூட்டாளி இல்ல.”

“நான் வேலையா வந்திருக்கேங்கய்யா.”

“எண்ணுற வேலைதான? உக்காந்துக்கிட்டு எண்ண வராதா?”

“நான் உக்காந்தா…” வேட் நிறுத்தினார்.

“உக்காந்தா என்ன? எண்ணுறவன எண்ணக்கூடாதுன்னு எங்கயாச்சும் போட்டிருக்கா? டாக்டரே, போட்டிருக்கா?”

(மருந்துக்கடைக்காரனுக்கு இங்கே அந்தப் பட்டம் இலவசம்.)

“போடலை,” என்றேன்.

6

இதற்குப் பிறகு ஒரு முடிவு எழுதி, மொழிபெயர்த்து வெர்லீனிடம் வாசித்துக் காட்டினேன். அவர் பாதியிலேயே கையை உயர்த்தினார். பேருந்தை நிறுத்தும்போது அப்படித்தான் உயர்த்துவார்.

“அந்தப் பய உக்காந்தான்னு எழுதினா, அவன் வேலை போயிடும்.”

“சரிக்கா. உக்காரலைன்னு எழுதிடறேன்.”

“எழுதினா கம்பெனி அதத் தூக்கிக் காட்டும். ‘அவங்க ஆளே பத்தொன்பதுன்னு எழுதியிருக்கான் பாரு’ம்பான்.”

“இது தமிழ்லதானேக்கா வருது?”

“போன மேல பிடிச்சா இங்கிலீஷ்ல படிச்சுச் சொல்லுதே. என் பேரப்பய காட்டினான்.”

“அப்ப கதை எப்படி முடியும்?”

“உன் கதை எப்படியோ முடியட்டும். எனக்கு இவரத் தூக்கிக்கிட்டு அந்த நாலு படியில ஓட முடியாது. எதையாச்சும் எழுதித் தொலைச்சிடாத.”

ஆகவே முடிவு உங்களுடையது. வேட் நடந்து காருக்குப் போனார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பணியாரத்தை மட்டும் வாங்கிக்கொண்டு போனார் என்றும் வைத்துக்கொள்ளலாம். அத்தை மகனை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், எனக்குத் தேவையில்லை. மாலையில் என்ன எண்ணிக்கை போயிற்று, திங்கட்கிழமை என்ன ஆயிற்று என்று என்னிடம் கேட்காதீர்கள். வெர்லீன் என் வாடிக்கையாளர்.

ஒன்று மட்டும் சொல்லலாம். அது குழாயைப் பற்றியது அல்ல. எந்த வக்கீலும் ஆட்சேபிக்க மாட்டார். அந்த வெள்ளிக்கிழமை ரேஃபோர்ட் ஹட்டோ தோற்றுப்போனார். ஊரே பார்த்தது. கூட்டாளிக்கு ஆடவே தெரியவில்லை என்று இன்றுவரை புலம்புகிறார். யார் அந்தக் கூட்டாளி என்று கேட்டால் மட்டும் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டிவிடுகிறார்.