தன் விருப்பத்தின் பேரில்

கோர்ட்டிலிருந்து கடிதம் வந்த அன்று டீக்காராம் சிவாகோட்டிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவர் எந்தக் குற்றமும் செய்யவில்லை. மூன்று வருடத்துக்கு முன் அமெரிக்கக் குடிமகன் ஆனவர். ஒரு கிரிமினல் வழக்கில் ஜூரியாக உட்காரத் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வந்து சேருங்கள் என்றுதான் அதில் எழுதியிருந்தது. ஆனால் அரசாங்க முத்திரை குத்திய உறையைப் பிரிக்கவே பயப்படுகிற ஆள் அவர். ஐம்பத்தாறு வருட வாழ்க்கையில் அப்படிப்பட்ட உறைக்குள்ளிருந்து நல்ல சேதி வந்தது ஒரே ஒரு முறைதான்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு பிர்க்கா ராயின் மளிகைக் கடைக்குப் போனார். ஆக்ரன் ஊரில் நார்த் ஹில் பக்கம் குடியேறிய பூட்டான் அகதிகளுக்கெல்லாம் கடுகு எண்ணெயும் காய்ந்த முள்ளங்கியும் யோசனையும் விற்கிறவன் பிர்க்கா. யோசனை மட்டும் இலவசம். நாடுகளைத் தராசில் வைத்து நிறுத்துப் பார்ப்பது அவனுடைய பொழுதுபோக்கு.

"பூட்டான் நம்மள வெளிய போன்னு சொல்லுச்சு. நேபாளம் உள்ள வராதேன்னு சொல்லுச்சு. பதினெட்டு வருசம் மூங்கில் குடிசையில ஒக்கார வச்சு வேடிக்கை பாத்துச்சு. இந்த ஊர்க்காரன் என்னடான்னா வா, வந்து ஒக்காந்து தீர்ப்பு சொல்லுங்கறான். நம்பாதீங்கண்ணே, இதுல ஏதோ வில்லங்கம் இருக்கு" என்றான் பிர்க்கா.

"போகலேன்னா புடிச்சுக்கிட்டுப் போவாங்கடா."

"போங்க, யாரு வேண்டாம்னா? இங்கிலீசு தெரியாதுன்னு ஒரே போடாப் போட்டுட்டு வந்துடுங்க. நம்ம ஆளுங்க பாதிப் பேரு அப்பிடித்தான் மத்தியானச் சோத்துக்கு வீடு திரும்பினான்."

அங்கேதான் டீக்காராமுக்கு இடித்தது. அகதி முகாமில் பதினைந்து வருடம் ஆங்கில வாத்தியாராக இருந்தவர். இன்றைக்குப் பிளாஸ்டிக் மூடி செய்கிற தொழிற்சாலையில் நின்றுகொண்டிருந்தாலும், மேற்பார்வையாளன் எழுதி ஒட்டுகிற அறிவிப்பில் பிழை கண்டால் பேனாவை எடுத்துத் திருத்திவிட்டுத்தான் நகருவார். அப்பேர்ப்பட்டவர் ஒரு நீதிபதி முன்னால் நின்று ஆங்கிலம் தெரியாது என்று சொல்வதாவது? உயிரே போனாலும் சொல்லமாட்டார்.

மனைவி தேவிமாயா வேறு கணக்குப் போட்டாள். "ரெண்டு நாளு ஒக்காந்துட்டு வாங்க. நின்னு நின்னு காலு வீங்கிக் கெடக்கு" என்றாள். அவளுக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருபத்தேழு வருடமாக அவருக்குள் கிடந்தது. கோர்ட்டில் உண்மை பேசுவதாகச் சத்தியம் வாங்குவார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து அது புரண்டு படுத்துக்கொண்டிருந்தது.

பூட்டானில் சிராங் மாவட்டத்தில் அவர்களுக்கு ஆரஞ்சுத் தோட்டம் இருந்தது. மூன்று தலைமுறைத் தோட்டம். தொண்ணூற்றொன்றில் ஒரு நாள் அவருடைய அப்பாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். நேபாளி பேசுகிற குடும்பம் என்பதற்கு மேல் காரணம் எதுவும் தேவைப்படவில்லை. இவரை அலுவலகத்துக்குக் கூப்பிட்டு ஒரு படிவத்தை நீட்டினார்கள். 'என் விருப்பத்தின் பேரில் நாட்டை விட்டுச் செல்கிறேன்.' கையெழுத்துப் போட்டால் அப்பா வெளியே வருவார். போட்டார். அது தேவிமாயாவுக்குத் தெரியும். முகாமில் முக்கால்வாசிப் பேர் போட்டவர்கள்தான்.

தெரியாதது அதற்கு அடுத்தது. ஒரு கேமராவைத் தூக்கி வைத்து, படிவத்தில் இருப்பதைச் சிரித்த முகத்தோடு சொல்லச் சொன்னார்கள். முதல் தடவை சிரிப்பு போதவில்லை என்றார் அதிகாரி. இரண்டாவது தடவை குரல் நடுங்கியது. மூன்றாவது தடவை டீக்காராம் நன்றாகவே சிரித்தார். பல் தெரியச் சிரித்தார். அதிகாரி தோளில் தட்டிக்கொடுத்தார்.

அப்பா வெளியே வந்தார். முதல் குளிர்காலத்திலேயே நேபாளத்தில் மாய் ஆற்றங்கரையில், பிளாஸ்டிக் விரிப்புக்குக் கீழே செத்தும் போனார். பத்து வருடம் கழித்து பூட்டான், நேபாளம் இரண்டு அரசாங்கத்து அதிகாரிகளும் முகாமுக்கு வந்து, யார் யார் திரும்பலாம் என்று ஆட்களைப் பிரித்தபோது, டீக்காராம் குடும்பத்தை 'விரும்பி வெளியேறியவர்கள்' பட்டியலில் போட்டார்கள். தேவிமாயா அன்றைக்கு மண்ணை வாரித் தூற்றினாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் போட்டிருப்பார்கள் என்று அவர் தனக்குள் முடிவு கட்டிக்கொண்டார். அதன் பிறகு புகைப்படத்துக்குக்கூட அவர் சிரித்ததில்லை.

திங்கட்கிழமை காலை, கோர்ட்டு வளாகத்தில் முப்பது பேரை வரிசையாக நிற்க வைத்தார்கள். கேள்வி கேட்டு அதில் பன்னிரண்டு பேரைப் பொறுக்கிக்கொண்டு மற்றவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். பக்கத்தில் நின்றவள் எர்லீன். அறுபது வயதிருக்கும். பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற கறுப்பினப் பெண்மணி. ஐந்தே நிமிஷத்தில் இவருடைய ஊர், பேர், பிள்ளைகுட்டி எல்லாவற்றையும் கறந்துவிட்டாள்.

கதவு திறந்தது. உள்ளே சேவகர், "அனைவரும் எழுந்து நிற்கவும்!" என்று குரல் கொடுத்தார். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் சடாரென்று எழுந்தார்கள். உடனே டீக்காராம் சுவரோரமாக ஒதுங்கி, கைகளைக் கட்டி, தலையைக் குனிந்துகொண்டார். பின்னால் வந்த வரிசை முட்டிக்கொண்டு நின்றது.

"யாருக்கு வழி விடறீங்க?" என்றாள் எர்லீன்.

"யாரோ பெரிய மனுசங்க வர்றாங்கபோல."

"அட ராசா, நமக்குத்தான் எந்திரிச்சு நிக்கிறாங்க. நடங்க நடங்க, எனக்கு முட்டி வலிக்குது."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அரசு வக்கீல் நின்றாள். எதிர்த்தரப்பு வக்கீல் நின்றார். துப்பாக்கி வைத்திருந்த காவலர் நின்றார். மேடை மேல் கறுப்பு அங்கி போட்ட நீதிபதியம்மா, நரைத்த தலை, அவளும் நின்றாள். தொழிற்சாலையில் மூடி எண்ணுகிறவரும் பஸ் ஓட்டினவளும் உட்காரட்டும் என்று காத்துக்கொண்டு நின்றாள். டீக்காராமுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. வாழ்நாளெல்லாம் அரசாங்கத்தைக் கண்டு எழுந்து நின்ற மனிதர் அவர். அரசாங்கம் எழுந்து நிற்கும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. உட்காரக்கூடத் தோன்றாமல் அவர் நின்றுகொண்டிருக்க, எர்லீன்தான் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். ஜூரிப் பெட்டியில் ஏழாம் நம்பர் நாற்காலி.

குற்றம் சாட்டப்பட்டவன் ஒல்லியான பையன். ஒரு கடையில் புகுந்து திருடியதாக வழக்கு. அவனுக்கு வாதாடும் வக்கீலுக்கு அரசாங்கமே சம்பளம் கொடுக்கிறது என்று நீதிபதியம்மா சாதாரணமாகச் சொல்லிக்கொண்டு போனாள். தன்னை எதிர்த்துப் பேசத் தானே ஆள் வைக்கிற அரசாங்கமா என்று டீக்காராம் மலைத்துப் போனார்.

பிறகு அவள் ஜூரிப் பெட்டியின் முன்வரிசைக் கிழவர் ஒருவரைக் கேட்டாள்: "சாட்சி ஒண்ணும் கேக்கல. இந்த நிமிசமே தீர்ப்பு சொல்லுன்னா என்ன சொல்வீங்க?"

"கேட்டாத்தானே சொல்ல முடியும்?" என்றார் கிழவர்.

"இல்ல. இந்த நிமிசம் அவர் நிரபராதி. நீங்க ஒரே ஒரு தீர்ப்புதான் சொல்ல முடியும். அரசாங்கம் நிரூபிக்கிற வரைக்கும் அவர் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்ல."

டீக்காராம் தன் அப்பாவை நினைத்துக்கொண்டார். இப்படி ஒரு நாற்காலியில், கோட்டுப் போட்டுக்கொண்டு, பேசாமல் உட்கார்ந்திருக்க அவருக்கு ஒரு நாள் கிடைத்திருந்தால்!

இடைவேளையில் காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் எர்லீன் அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். "ரொம்ப வாயப் பொளக்காதீங்க. என் அக்கா மகன் அந்தப் பையனோட எடத்துல ஒக்காந்தவன்தான். எந்திரிச்சு நின்னவங்க எல்லாம் சேந்துதான் அவன உள்ள தள்ளுனாங்க. பேச்செல்லாம் அழகாத்தான் இருக்கும்."

"அப்பறம் எதுக்கு வந்தீங்க? ஏதாவது சாக்கு சொல்லிட்டு வீட்டுல இருக்கலாமே?"

"நான் வரலேன்னா என் நாற்காலியில வேற எவனாவது ஒக்காருவான்" என்றாள் அவள் வெடுக்கென்று.

திரும்பி வந்து ஏழாம் நம்பரில் உட்கார்ந்தபோது அவருக்கு அந்த நாற்காலி மேல் ஆசை வந்துவிட்டது. கொஞ்சநஞ்ச ஆசையில்லை. பயந்து பயந்து வந்த மனிதர், யாராவது தன்னை எழுப்பிவிடுவார்களோ என்று கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார். பன்னிரண்டு பேரில் ஒருவராக இங்கே உட்கார்ந்து ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும் என்று இருந்தது.

அப்போதுதான் அரசு வக்கீல் எழுந்தாள். சின்ன வயசு, தெளிவான பேச்சு. "இந்த வழக்குல குற்றம் சாட்டப்பட்டவர் கையெழுத்துப் போட்ட ஒப்புதல் வாக்குமூலம் இருக்கு. ஸ்டேஷன்ல எடுத்த வீடியோவும் இருக்கு. அதுல அவர் அமைதியா, சிரிச்சுப் பேசறாரு. அப்படி ஒரு வீடியோவைப் பார்த்தும் நம்ப முடியாதுன்னு நினைக்கிறவங்க இருக்கீங்களா? கையைத் தூக்கலாம்."

கை மடியில் கிடந்தால் நாற்காலி அவருடையது. யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை. அந்தப் பையனுக்கு ஒருவேளை நல்லதாகக்கூட முடியலாம். ஆனால் உண்மையே பேசுவேன் என்று காலையில்தான் சத்தியம் செய்திருந்தார். இந்த நீதிபதியம்மா எழுந்து நின்றது அந்தச் சத்தியத்தை நம்பித்தானே? பையன் திருடினானா இல்லையா என்று அவருக்கு எப்படித் தெரியும்? அன்றைக்குக் கேமரா முன்னால் உட்கார்ந்த மாதிரி இங்கேயும் பொய் முகத்தோடு உட்காருவதா?

கையைத் தூக்கினார்.

எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டாம், பக்கத்தில் வந்து சொல்லுங்கள் என்றாள் நீதிபதியம்மா. மற்றவர்களுக்குக் கேட்காதபடி ஒரு கருவியைத் தட்டிவிட்டார்கள். தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரி இரைச்சல். இரண்டு வக்கீல்களும் நெருங்கி நின்றார்கள். சுருக்கெழுத்துக்காரி தன் குட்டி இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து அருகில் உட்கார்ந்தாள்.

தேவிமாயாவிடம் சொல்லாததை டீக்காராம் அந்த நான்கு அந்நியர்களிடம் சொன்னார். முதலில் திக்கியது. பிறகு தானாக வந்தது. மூன்று தடவை எடுத்ததையும், மூன்றாவது தடவை நன்றாகச் சிரித்ததையும் விடாமல் சொன்னார்.

"உங்களை அடிச்சாங்களா?" என்று கேட்டாள் அரசு வக்கீல். குரல் தணிந்திருந்தது.

"இல்லைங்க. டீ குடுத்தாங்க."

எதிர்த்தரப்பு வக்கீல், இவர் இருந்தே ஆக வேண்டும் என்றார். அவருக்கென்ன, கேட்பார். அரசு வக்கீல் இவர் பக்கமே திரும்பினாள். "அதைத் தள்ளி வச்சிட்டு, இந்த வீடியோவைத் திறந்த மனசோட பாக்க முடியுமா உங்களால?"

முடியும் என்று ஒரு வார்த்தை போதும். அவர் தன் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார். எர்லீன் அங்கிருந்து புருவத்தைத் தூக்கினாள்.

"முடியாதுங்க" என்றார். "அந்தப் பையன் சிரிச்சா எனக்கு என் மூஞ்சிதான் தெரியும். அது அவனுக்கும் நியாயமில்ல, உங்களுக்கும் நியாயமில்ல."

நீதிபதியம்மா தன் பட்டியலில் ஒரு பெயரை அடித்தாள். பிறகு, "உங்களை இந்த வழக்குலேர்ந்து விடுவிக்கறேன், சிவாகோட்டி. இங்க நீங்க சொன்னதுக்கு நான் நன்றி சொல்லணும்" என்றாள்.

அவ்வளவுதான், நாற்காலி போயிற்று. ஆனால் அவர் நகரவில்லை.

"ஒண்ணு கேக்கலாங்களா? நான் சொன்னதை இந்தம்மா எழுதினாங்களா?"

"ஒரு வார்த்தை விடாம."

"அது யாருகிட்ட இருக்கும்?"

"கோர்ட்டுப் பதிவுல இருக்கும். எடுத்து எறிய முடியாது."

"எனக்குப் படிச்சுக் காட்டச் சொல்ல முடியுங்களா? கடைசிப் பகுதி மட்டும்."

அரசு வக்கீல் கடிகாரத்தைப் பார்த்தாள். நீதிபதியம்மா தலையசைத்தாள். சுருக்கெழுத்துக்காரி நீளக் காகிதத்தைத் தள்ளித் தேடி, ஏற்ற இறக்கம் எதுவும் இல்லாத குரலில் வாசித்தாள்: "'கையெழுத்து என்னுது. சிரிப்பும் என்னுது. ரெண்டும் என் விருப்பத்தின் பேரில் இல்ல. எங்களைத் துரத்துனாங்க. எங்களுக்கு அங்க வீடு இருந்துது.'"

மழை இரைச்சல் கேட்டுக்கொண்டே இருந்தது. தேவிமாயாவிடம் இன்றைக்கே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தார். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, துடைக்கவும் இல்லை.

"எழுதியிருக்கறது சரியா இருக்கா?" என்று கேட்டாள் நீதிபதியம்மா. "எதாவது திருத்தணுமா?"

அவரைப் பற்றி மூன்று நாடுகள் எழுதிய காகிதங்களை அடுக்கினால் ஓர் ஆள் உயரம் வரும். அதில் ஒன்றைப் பற்றிக்கூட யாரும் அவரை இப்படிக் கேட்டதில்லை. எல்லாரும் காத்திருக்க, பிழை திருத்துகிற அந்த வாத்தியார் ஒவ்வொரு வாக்கியமாக மனதுக்குள் திரும்ப ஓட்டிப் பார்த்தார்.

"திருத்த ஒண்ணுமில்லைங்கம்மா" என்றார். "எல்லாம் சரியா இருக்கு."