குழாய்த் தண்ணீரில் ஊறிய இருநூறு தாள்

என் அப்பா ஜவுளிக்காரர். துணியை நனைத்துவிட்டு வெட்டு என்பது எனக்குப் பல் முளைக்கும் முன்பே தெரியும். அந்த அரைகுறை அறிவுதான் என் தங்கையின் வேலைக்கு உலை வைத்தது.

இருவருக்கும் ஒரே கம்பெனி. உப்புத் தண்ணீரை நல்ல தண்ணீராக்கும் இயந்திரத்துக்குச் சவ்வுத் தாள் செய்கிறோம். நான் விற்கிறவன், அவள் சோதனைக்கூடத்தில் அளக்கிறவள். அவள் கையெழுத்து இல்லாமல் ஒரு பெட்டியும் வாசல் தாண்டாது.

இந்தச் சவ்வு லேசுப்பட்ட ஆள் இல்லை. அதற்குள்ளேயே மின்னூட்டம் ஒட்டிக்கிடப்பதால் தண்ணீரைக் கண்டால் விடாது. வெறும் தண்ணீரில் போட்டால் ஓசி விருந்துக்கு வந்தவன் மாதிரி குடித்து உப்பிவிடும். உப்புத் தண்ணீரில் அந்த ஜம்பம் செல்லாது. வெளியே இருக்கிற உப்பு, உள்ளே போன தண்ணீரில் ஒரு பங்கைப் பேரம் பேசித் திரும்ப வாங்கிவிடும், தாளும் சிறுத்துப்போகும். அதனால் எந்த உப்புக் கரைசலில் வேலை செய்யப்போகிறதோ அதிலேயே இரண்டு நாள் ஊறவைத்துவிட்டுத்தான் வெட்டித் துளை போட வேண்டும்.

உடனே அனுப்பு என்று வாடிக்கையாளர் கழுத்தில் துண்டு போட்டார். நான் வெட்டும் பிரிவுக்குப் போய், "நனைஞ்சா போதும்ப்பா. குழாய்த் தண்ணில ஒரு நாள் போட்டு வெட்டுங்க" என்றேன். இருநூறு தாள்.

அளந்து பார்த்த தங்கை, "ரெண்டு நாள் உப்புல ஊறிச்சா?" என்றாள்.

"பின்னே, சர்க்கரையிலயா?"

சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள். தாள்கள் ஈரத்தோடு பைக்குள் அடைபட்டுக் கிளம்பின.

அனுப்பும் முன் ஒரு தாளை எடுத்து உப்புக் கரைசலில் போட்டுவைப்பது அவள் வழக்கம். நான்காம் நாள் மத்தியானம் என்னைக் கூப்பிட்டாள். தட்டில் தாள் கிடந்தது. அதன்மேல், தாளைப் பூட்டுகிற இரும்புச் சட்டம். ஒரு பக்கத் துளை பொருந்தியது. எதிர்ப்பக்கத் துளை பாதி மறைந்திருந்தது.

"பன்னிரண்டு மில்லிமீட்டர் குறையுது அண்ணா."

"ஒரு மீட்டர் தாள்ல பன்னிரண்டு மில்லியா? கொசுறுன்னு விடு."

"இது உப்பையே பார்க்கல. அப்படித்தானே?"

கல்லை வைரமென்று விற்கிற நான், ஈரத் தாளை இழுத்து மறுபக்கத் துளையைப் பொருத்தப் பார்த்தேன்.

"இறுக்கிப் பூட்டினதுக்கப்புறம் சுருங்கினா துளைகிட்ட கிழியும். நல்ல தண்ணிக்குள்ள உப்பு போயிடும்" என்றாள். "பெட்டில இருக்கிறது என் கையெழுத்து."

"அவங்க இன்னும் கூப்பிடலயே…"

வாயை மூடவில்லை, போன் அடித்தது. கை ஈரம், ஒலிபெருக்கியில் போட்டேன். வாடிக்கையாளர் ஆலையில் தாளைப் பூட்டுகிற பிட்டர்.

"சார், தப்பு நடந்துபோச்சு. போல்ட்டை நான்தான் அதிகமா முறுக்கிட்டேன் போல. பதினேழு தாள் துளைகிட்ட கிழிஞ்சிருக்கு. மேனேஜர் நாளைலேர்ந்து வராதேன்னுட்டார். 'புது ஆளு, பழகிடுவான்'னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க சார்."

எதிராளியே வந்து தலையைக் கொடுத்தால் மூச்சு விடாதே என்றுதான் அப்பாவின் ஜவுளிக் கடையில் பழக்கியிருந்தார்கள். நான் சும்மா இருந்தால் போதும். தங்கையின் வேலையும் தப்பும்.

அவள் என்னைப் பார்க்காமல் அளவுகோலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "எவ்வளவு முறுக்கினார்னு கேளு."

கேட்டேன்.

"உங்க புத்தகத்துல போட்டிருக்கிற அளவுதான் சார். ரெண்டு தடவை பார்த்துட்டுத்தான் முறுக்கினேன். ஆனா கிழிஞ்சிருக்கே… அப்போ தப்பு என்மேலதானே?"

தங்கை அளவுகோலைக் கீழே வைத்தாள்.

"இல்லைப்பா" என்றேன். "தாள் உப்புல ஊறல. அப்படியே வெட்டச் சொன்னது நான். மேனேஜரைக் கூப்பிடுங்க."



"கூப்பிடறேன் சார். ஆனா, இதெல்லாம் சரியா இருக்குன்னு பெட்டில ஒருத்தங்க கையெழுத்து போட்டிருக்காங்களே… அது யாரு?"

"அது வந்து…" என்று இழுத்தேன்.

"நான்தான்" என்றாள் தங்கை, போன் பக்கம் குனிந்து.

மறுமுனையில் பிட்டர் குரல் கொடுக்க, மேனேஜரின் செருப்புச் சத்தம் நெருங்கி வந்தது.