வராத உதிரி பாகம்

ஷோசோ பதினோராவது தடவையாகப் பொத்தானை அழுத்தினார். கார் முணுமுணுக்கக்கூட இல்லை. சாவுக்கென்று மடிப்புக் கலையாமல் கறுப்புக் கோட்டும் கறுப்பு டையும் அணிந்து வந்த மனிதர், ஒரு காலை வெளியே நீட்டியபடி அண்ணனின் காரோடு மல்லுக்கு நின்றார்.

"என்ன எழவு வண்டிடா இது!" என்று ஸ்டியரிங்கைக் குத்தினார். சொன்ன பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்பது உறைத்திருக்க வேண்டும். வீட்டுக்குள் சவப்பெட்டி இருந்த பக்கம் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார்.

வாசற்படியில் நின்ற சனாயேவுக்கு எரிச்சலாக வந்தது. சித்தப்பா மீது, கார் மீது, உள்ளே பெட்டிக்குள் முகம் சவரம் செய்யப்பட்டுக் கிடக்கும் அப்பா மீது. எல்லோரையும்விட அதிகமாகத் தன் மீது. அந்தக் கார் ஏன் கிளம்பவில்லை என்பது அந்த முற்றத்தில் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

கார் நின்ற இடம் அப்படி. அம்மாவின் முழங்கால் வலிக்காக, அப்பா எப்போதும் மூக்கு வாசலில் இடிக்கிற மாதிரிதான் நிறுத்துவார். காருக்கும் கல்சுவருக்கும் நடுவே ஓர் ஆள் ஒருக்களித்துப் போகலாம். ஆறு பேர் தூக்கும் பெட்டி போகாது. வீட்டின் பின்புறம் ஆப்பிள் தோட்டத்துக்கு இறங்கும் செங்குத்துச் சரிவு. அமரர் வண்டி கீழே தெருமுனையில் காத்து நின்றது.

"மன்னிக்கணும்," என்றார் ஈமச்சடங்கு நிறுவனத்தின் குவபாரா, இடுப்பை வளைத்து. "அவசரப்படுத்துறதா நினைச்சுடாதீங்க. மன்னிக்கணும். பத்தரைக்குத் தகன மேடை நம்ம பேருக்கு. ஒன்பதே முக்காலுக்குக் கிளம்பிட்டா நல்லது."

"இப்ப மணி என்ன?"

"ஒன்பது இருபது. மன்னிக்கணும்."

"விட்டா?"

"நாளைக்கு ஆகாத நாள், மேடை மூடியிருக்கும். நாளன்னைக்குத்தான். ரொம்ப மன்னிக்கணும்."

மணி ஓடுவதற்கும் தானே பொறுப்பு என்பதுபோல அந்த ஆள் குனிந்துகொண்டே இருந்தார். பிடித்து உலுக்கலாம் போலிருந்தது சனாயேவுக்கு.

ஷோசோவின் மகன் கோஹே கைபேசியைத் துழாவிக்கொண்டிருந்தான். விவசாயக் கூட்டுறவில் வேலை. எதையும் படித்துப் பார்த்துத்தான் செய்வான்.

"தள்ளிவிட்டுடலாமே?" என்றார் ஷோசோ.

"முடியாதுப்பா. கியரே கரண்டுலதான் மாறும். கரண்டு இல்லேன்னா சக்கரம் பூட்டினது பூட்டினதுதான்."

"அப்ப என் வண்டியிலேருந்து ஒயர் போட்டுக் கரண்டு குடு." ஷோசோ இறங்கிப் போய் முன்மூடியைத் தூக்கினார். குனிந்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். "டேய், இதுல பாட்டரியே இல்லடா! எவனோ கழட்டிட்டுப் போயிட்டான்!"

"இதுல பாட்டரி பின்னாடிப்பா. டிக்கிக்கு அடியில."

"அதை முன்னாடியே சொல்றதுக்கென்ன? டிக்கியத் தொற."

"டிக்கி கரண்டுலதான் தொறக்கும்."

ஷோசோ மகனையே பார்த்துக்கொண்டு நின்றார். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்கிற கதைதான். "இதைச் செஞ்சவன் குடிச்சுட்டுச் செஞ்சானா?" என்று கேட்டார்.

"ரிப்பேர் வண்டிக்குப் போன் போட்டேன். அம்பது நிமிஷம் ஆகுமாம்."

"அம்பது நிமிஷத்துல சாம்பலே ஆகியிருக்கணும்டா எங்கண்ணன்."

சனாயே செருப்பை மாட்டிக்கொண்டு ஓரடி இறங்கினாள். நின்றுவிட்டாள். அவர்களை இப்படியே அலைய விட்டால் பெட்டி இரண்டு நாள் வீட்டிலேயே கிடக்கும். வாயைத் திறந்தால் மூன்று மாதப் பொய் முற்றத்தில் விழும், அம்மாவின் கண்முன்னால்.

ஆகஸ்டில், முன்னோருக்கு விளக்கேற்றும் ஓபோனுக்காக வந்திருந்தபோது காரின் இடது முனையில் மஞ்சள் பெயின்ட் தீற்றியிருந்ததைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்துக்கு எதிரே பிள்ளைகள் சாலை கடக்கும் இடத்தில் நிற்கும் கம்பத்தின் மஞ்சள் அது. போய்ப் பார்த்தாள், கம்பம் சாய்ந்திருந்தது. நல்லவேளை, விடுமுறை. அப்பாவிடம் கேட்டால், "எனக்கெப்படித் தெரியும்? யாராவது தடவியிருப்பான்," என்றார். எண்பத்துமூன்று வயது. லைசென்ஸைத் திருப்பிக் கொடுங்கள் என்று இரண்டு வருடமாகக் கெஞ்சியாகிவிட்டது. "காலை வெட்டிக் குடுன்னு கேளு, குடுக்கிறேன்," என்பதுதான் பதில்.

பதினைந்தாம் தேதி அவர் மதியத் தூக்கத்தில் இருந்தபோது, அவள் பின்சீட்டைச் சாய்த்து, டிக்கிக்குள் தவழ்ந்து போய், பாட்டரியின் ஒரு முனையைக் கழற்றிவிட்டாள். அப்பா பழைய லாரியும் டிராக்டரும் பழகினவர். முன்மூடியைத் தூக்கித் தேடுவார், கிடைக்காது என்று கணக்குப் போட்டாள். மறுநாள் தான் வேலை பார்க்கும் சைத்தாமாவுக்குத் திரும்புமுன், கார் ஓடவில்லை என்று அவர் கத்தியபோது, "கம்பெனியில கேட்டேம்ப்பா, ஒரு உதிரி பாகம் மாத்தணுமாம், வரணுமாம்," என்றாள்.

ஒன்றிரண்டு நாள் கழித்து, ஒரு மாலை ஏழு மணிக்குப் போன் வந்தது. வாழ்நாளில் தானாகப் போன் செய்து அறியாத மனிதர். "பாகம் வந்துச்சா?"

அதிலிருந்து தினமும் ஏழு மணி. அவள் அலுவலகத்தில் இருந்தாலும், ரயிலில் நசுங்கிக்கொண்டு நின்றாலும் ஏழு மணி. பாகம் கப்பலில் வருகிறது என்றாள். கப்பல் துறைமுகத்துக்கு வெளியே நிற்கிறது என்றாள். வந்த பாகம் வேறு வண்டிக்கானது என்றாள். தொழிற்சாலையில் தீ என்றுகூட ஒரு நாள் சொன்னாள். பொய்க்குப் பொய் முட்டுக்கொடுத்து அவளுக்கு மூச்சு முட்டியது. "அப்படியா, பாவம், யாருக்கும் அடி கிடி படலியே?" என்று விசாரித்துவிட்டு, என்ன சாப்பிட்டாய் என்று கேட்டுவிட்டுத்தான் வைப்பார்.

போன புதன்கிழமை அவள் வெடித்துவிட்டாள். "தினம் தினம் இதையே கேட்டு உயிரை வாங்கறீங்களேப்பா! எனக்கு வேற பொழப்பே இல்லையா?"

"சரி, நாளைக்குக் கேக்கிறேன்," என்றார்.

மறுநாள் வியாழன் காலை, மிசோ சூப் ஆறுவதற்குக் காத்திருந்தவர், மேசையிலேயே சாய்ந்துவிட்டார்.

"எல்லாம் இந்தச் சனியனாலதான்," என்று ஷோசோ சக்கரத்தை உதைத்தார். "திங்கக்கிழமையே சொன்னான் எங்கிட்ட. நெஞ்சைப் பிடிக்குதுடா ஷோசோ, கார் வேற ஓடல, அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கிறேன்னான். நான் கூட்டிட்டுப் போறேன்னா கேட்டானா? இது மட்டும் ஓடியிருந்தா..."

இது சனாயேவுக்குப் புதுச் செய்தி. புதன்கிழமைகூட நெஞ்சைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"ஒன்பதரை. மன்னிக்கணும்," என்றார் குவபாரா.

"கோஹே," என்றாள் சனாயே. "உன் வண்டியில பத்தாம் நம்பர் ஸ்பானர் இருக்கா?"

"இருக்கு அக்கா. எதுக்கு?"

"எடுத்துட்டு வா. பாட்டரியக் கழட்டி வச்சது நான்தான்."

கோஹே கைபேசியிலிருந்து நிமிர்ந்தான். ஷோசோ காரைச் சுற்றிக்கொண்டு அவள் பக்கம் வந்தார். "நீயா? அப்ப அந்த உதிரி பாகம்?"

"அப்படி ஒண்ணு இல்லவே இல்ல சித்தப்பா. ஓபோன் அப்பவே கழட்டிட்டேன். பிள்ளைங்க ரோட்டைத் தாண்டுற இடத்துல இடிச்சிருந்தார். வேற வழி தெரியல."

வீட்டுக்குள் ஊதுவத்தி ஏற்றி அம்மா தட்டிக்கொண்டிருந்த பூஜை மணியின் ஓசை நின்றது. அம்மா வாசலுக்கு வந்து நின்றிருந்தாள், முழங்காலைப் பிடித்துக்கொண்டு. மகளை அடிப்பாளோ அழுவாளோ என்று எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

"கோட்டைக் கழட்டிட்டு ஏறு," என்றாள் அம்மா. "உள்ள ஒரே தூசி."

சனாயே பின்சீட்டைச் சாய்த்து உள்ளே தவழ்ந்தாள். முழங்காலில் காலுறை கிழிந்தது. ஐம்பத்துநான்கு வயதில், அப்பாவின் தகனத்தன்று, கார் டிக்கிக்குள் நாலுகாலில். தரைப் பலகையைத் தூக்கி, பக்கத்து மூடியை நெம்பி எடுத்தாள்.

அவள் அன்று அவசரத்தில் கழற்றிய முனையை அப்படியே மொட்டையாக விட்டுப் போயிருந்தாள். இப்போது அது மொட்டையாக இல்லை. கறுப்பு நாடாவை வரி பிசகாமல் சுற்றி, எங்கும் உரசாதபடி ஓரமாக மடக்கி வைத்திருந்தது. நாடாவின் மேல் ஒரு வெள்ளைத் துண்டு ஒட்டி, அதில் தேதி. மருந்து தெளிக்கும் டப்பாவிலும் ஊறுகாய் ஜாடியிலும் அப்பா எழுதுகிற அதே கோணல் எண்கள். ஆகஸ்ட் பதினெட்டு.

போன் வர ஆரம்பித்தது என்றைக்கு என்று அவள் விரல் விட்டு எண்ணினாள். திங்கள் அல்ல, சனி அல்ல. முதல் போன் வந்தபோது மழையில் குடையில்லாமல் ஓமியா ரயில் நிலையத்தில் நின்றாள், ஞாயிற்றுக்கிழமை. பதினெட்டு.

அன்று காலையில் இதைக் கண்டுபிடித்திருக்கிறார். நட்டு ஒன்றை முடுக்கியிருந்தால் வண்டி ஓடியிருக்கும். முடுக்கவில்லை. முனையைச் சுற்றிப் பத்திரப்படுத்தி, மூடியைப் போட்டுவிட்டு, சாயங்காலம் மகளுக்குப் போன் செய்து பாகம் வந்ததா என்று கேட்டிருக்கிறார். மூன்று மாதம், ஒரு நாள் தவறாமல். கப்பலையும் தீயையும் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"கல்லுளிமங்கா," என்றாள் சத்தமாக. "நெஞ்சு வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? அதை விட்டுட்டுப் பாகம், பாகம், பாகம்..."

அழுகை வந்தது. கோபமும் போகவில்லை. இரண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்தன.

"என்னம்மா ஆச்சு? உடைஞ்சு கிடைஞ்சு போச்சா?" வெளியிலிருந்து ஷோசோ.

"இல்ல சித்தப்பா. பத்திரமாத்தான் இருக்கு."

நாடாவைப் பிரிக்க நகத்தால் நுனியைத் தேடினாள். தேட வேண்டியிருக்கவில்லை. அதன் கடைசி அங்குலத்தை அவர் உள்பக்கமாக மடித்து ஒட்டாமல் விட்டிருந்தார், பிறகு பிரிப்பவருக்குச் சிரமம் இல்லாதபடி. ஒரே இழுப்பில் வந்துவிட்டது.

முனையைப் பொருத்தி நட்டை முடுக்கினாள். கன்னத்தைத் துடைத்துக்கொண்டு ஓட்டுநர் சீட்டுக்கு வந்து, பிரேக்கை மிதித்துப் பொத்தானை அழுத்தினாள்.

"இப்பவும் ஸ்டார்ட் ஆகலியே!" என்று கத்தினார் ஷோசோ.

"ஆயிடுச்சு சித்தப்பா. தள்ளி நில்லுங்க."

"சத்தமே காணோம்!"

"இது சத்தம் போடாது."

கார் பின்னோக்கி நகர்ந்து, திரும்பி, கல்சுவரைத் தாண்டித் தெருப்பக்கச் சரிவில் மெல்ல இறங்கியது. ஜல்லி நெரிபடும் ஓசை மட்டும் கேட்டது. அதற்குள் தெருமுனைக்கு இறங்கிப் போய் அமரர் வண்டியின் பக்கத்தில் நின்றிருந்த குவபாரா, கறுப்பாக ஒரு வண்டி அந்த வீட்டிலிருந்து சத்தமில்லாமல் வருவதைப் பார்த்ததும், அமரர் வண்டிக்குச் செய்கிற பழக்கதோஷத்தில் கைகூப்பி இடுப்புவரை குனிந்தார். பின்னால் வந்துகொண்டிருந்த ஷோசோ அதைப் பார்த்தார். அவரும் நின்று குனிந்தார். கோஹே குனிந்தான், வரப்பில் நின்ற அக்கம்பக்கத்தார் குனிந்தார்கள், வாசலில் முழங்காலைப் பிடித்தபடி அம்மாவும் குனிந்தாள். சனாயே விளக்கம் சொல்ல நிற்கவில்லை; இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, அவர்கள் நடுவே மெதுவாக ஓட்டிப் போனாள்.