பேரைக் கேளு

அம்மாவின் கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்து அர்ச்சனா வெள்ளைத்துணியால் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தபோது, வாசலில் நடேசன் மாமா, "பாடிய எப்ப எடுக்கறீங்க?" என்று கேட்டது காதில் விழுந்தது. கை அப்படியே நின்றது. அம்மா போய் முழுதாக ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. காலை ஆறேகாலுக்குக் காப்பி கேட்டாள். டம்ளரோடு வந்தபோது மூச்சு அடங்கியிருந்தது.

அண்ணன் வீரமணிதான் மாமாவுக்குப் பதில் சொன்னான். சேதராப்பட்டு கம்பெனியில் ஷிப்ட் முடிந்து வந்தவன், யூனிபார்மைக்கூட மாற்றவில்லை. பெங்களூரிலிருந்து அக்கா மஞ்சுளா வந்து சேரச் சாயங்காலம் ஆகிவிடும், அதுவரைக்கும் ஐஸ் பெட்டி வைக்க வேண்டும் என்றான். சொல்லிக்கொண்டே போனில் தேட ஆரம்பித்தான்.

பாகூர்ப் பக்கத்திலிருந்து ஐஸ் பெட்டி என்று தேடினால் முதலில் வருவது வில்லியனூர் பிரிட்டோவின் வெப்சைட். பெட்டி, வண்டி, பந்தல், நாற்காலி எல்லாம் அவரிடம் உண்டு. அந்த வெப்சைட்டைச் செய்தவள் அர்ச்சனா. பிரிட்டோவுக்கு அவளே ஒரு போன் போட்டிருந்தால் அரை நிமிட வேலை. அவள் போடவில்லை. அண்ணன் அதைப் படிக்கட்டும் என்று சும்மா இருந்தாள்.

ஆறு மாதத்துக்கு முன்பு அம்மா படுக்கையில் விழுந்ததும், சென்னை வேலையை விட்டுவிட்டு வந்தவள் அவள். கட்டிலுக்குப் பக்கத்தில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு தனியாக வேலை பிடிக்கப் பார்த்தாள். இன்ஜினியரிங் படிக்கவைத்த தங்கச்சி வூட்டில் குந்திக்கொண்டு என்னத்தையோ தட்டுகிறாள் என்று அண்ணன் தெருவெல்லாம் கிண்டல் செய்தான். அவளுக்குக் கிடைத்த முதல் ஆள் பிரிட்டோ. நேரில் பார்த்ததில்லை, எல்லாம் போனில்தான். ராத்திரி பகல் பாராமல் போன் வருகிறது, வெப்சைட்டிலேயே பதில் சொல்கிற மாதிரி ஒரு சாட் வைத்துக்கொடுங்கள் என்று கேட்டார்.

அங்கேதான் அவள் சறுக்கினாள். பழைய கம்பெனியில் ஓர் இனிப்புக் கடைக்கு எழுதிய வாசகங்களை அப்படியே எடுத்து, பொருளின் பெயரை மட்டும் மாற்றிப் போட்டுவிட்டாள். மறுநாளே நெட்டப்பாக்கத்தில் அப்பாவைப் பறிகொடுத்த ஒருவர் பெட்டி கேட்டிருக்கிறார். சாட் அவரை 'வணக்கம், வாங்க வாங்க' என்று வரவேற்றது. 'பாடி எங்கே உள்ளது?' என்று விசாரித்தது. கடைசியில் 'நன்றி, மீண்டும் வருக' என்று வழியனுப்பியது. மனிதர் பிரிட்டோவை நார் நாராகக் கிழித்துவிட்டார். இந்த மாதக் கடைசிவரை பார்ப்பேன், சரிப்படாவிட்டால் சாட்டையும் எடுத்துவிட்டு வேறு ஆளையும் பார்த்துக்கொள்வேன் என்றார் பிரிட்டோ.

அன்றைக்கு அழுதுகொண்டே அம்மாவிடம் சொன்னாள். அம்மா இருமல் வரும்வரை சிரித்தாள். அப்புறம் தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"சாவு வூட்ல எவனாச்சும் வாங்கன்னு கூப்புடுவானாடி? போறவனும் வரேன்னு சொல்லமாட்டான். இன்னாத்தடி படிச்ச நீ?"

நாற்பது வருஷம் நடவுக்கும் கரும்பு வெட்டுக்கும் போனவள் அம்மா சின்னபொண்ணு. தெருவில் யார் செத்தாலும் ஒரு சொம்புத் தண்ணீரோடு முதலில் போய் நிற்கிறவளும் அவள்தான். அவள் சொல்லச் சொல்ல அர்ச்சனா தட்டினாள். முதலில், பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்கச் சொன்னாள். தண்ணீர் குடிக்கச் சொல்லச் சொன்னாள். 'பாடி' என்ற இடம் வந்ததும் முகம் மாறிவிட்டது.

"அப்படிப் போடாத. நேத்து வரைக்கும் பேர் இருந்துச்சில்ல? பேரைக் கேளு."

வேலை முடிந்ததும் பேசாமல் போய்விட வேண்டும், அதுதான் மரியாதை என்றாள் கடைசியாக. நன்றி சொல்லாமல் மூடுகிற சாட் எங்கேயும் கிடையாது. அதற்காகவே அர்ச்சனா இரண்டு நாள் உட்கார்ந்தாள். பிரிட்டோ அரை மனசாகத்தான் சம்மதித்தார். நன்றிகூடச் சொல்லாமல் இது என்ன வியாபாரம் என்று கேட்டார். இன்றைக்குத் தேதி முப்பது.

வாசலில் வீரமணி போனைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துப் படித்துக்கொண்டிருந்தான்.

'பக்கத்துல ஆள் இருக்காங்களா?'

'ஒரு வாய் தண்ணி குடிங்க. மத்தத நாங்க பாத்துக்கறோம்.'

'அவங்க பேர் என்ன?'

அவன் கட்டைவிரல் நின்றுவிட்டது. ஒவ்வொரு எழுத்தாக அடித்தான். அடித்துவிட்டு உள்ளே வந்து, அம்மாவின் முகத்தையும் தங்கையின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இன்னாடி இது, அம்மா பேசற மாதிரியே இருக்குது?"

"அம்மாதாண்ணா. அவங்க சொன்னாங்க, நான் அடிச்சேன்."

வீரமணி வெளியே போனான். நடேசன் மாமாவின் மூக்குக்கு நேராகப் போனை நீட்டினான். "படிச்சுப் பாரு மாமா. எங்கம்மா சொன்னது. என் தங்கச்சி செஞ்சது." அழுகையோடு சொன்னாலும் தெருவுக்கே கேட்கிற குரலில் சொன்னான். அர்ச்சனாவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அம்மா கிடக்கும்போது இப்படித் தோன்றலாமா என்று இருந்தது. ஆனாலும் தோன்றியது.

ஊர், தெரு விவரத்தைக் கேட்டுக்கொண்டு, 'வண்டி கிளம்பிடுச்சு. தெருமுனைல ஒருத்தர் நிக்கட்டும்' என்று எழுதிவிட்டு, சாட் வேறொன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டது. வீரமணி பானையிலிருந்து தண்ணீர் மொண்டு குடித்தான். அர்ச்சனா தெருமுனைக்கு நடந்தாள்.

முக்கால் மணி நேரத்தில் வேன் வந்தது. டிரைவருக்குப் பக்கத்தில் இருந்த நடுவயது ஆள் கண்ணாடியை இறக்கி, கையிலிருந்த போனைப் பார்த்துக் கேட்டார்.

"சின்னபொண்ணு அம்மா வூடு எதுங்க?"

"நாலாவது வூடு. பச்சை கேட்டு."

குரலைக் கேட்டதும் அவர் நிமிர்ந்து பார்த்தார். "அர்ச்சனா மேடம்ங்களா?"

"ஆமா சார். எங்கம்மா. சாட்ல இருக்கற வார்த்தையெல்லாம் அவங்களுதுதான்."

பிரிட்டோ வேனிலிருந்து இறங்கி அவளோடு நடந்தே வந்தார். பெட்டியைத் தூக்க அவரும் கை கொடுத்தார். வயரை இழுத்து பிளக்கில் செருகினார். வெளியே டிரைவர், பாடிக்கு மாலை இப்போதே கொண்டுவரவா என்று குரல் கொடுத்தான்.

"சின்னபொண்ணு அம்மாவுக்குன்னு சொல்லுடா" என்றார் பிரிட்டோ.

மாலையைச் சாத்திவிட்டுக் கால்மாட்டில் கொஞ்ச நேரம் நின்றார். அர்ச்சனாவிடம், ஓர் எழுத்தையும் மாற்ற வேண்டாம், சாட் அப்படியே இருக்கட்டும் என்று மெதுவாகச் சொன்னார். அப்புறம் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, யாரிடமும் வருகிறேன் போகிறேன் என்று சொல்லாமல், திரும்பியும் பார்க்காமல் நடந்து போனார்.